முந்தின நாளே ஊறப்போட வேண்டிய கடலை

போன பௌர்ணமிக்கு என் சுண்டல் வண்டிக்கு எதிரில் ஒரு தம்பி வந்து நின்றான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் போலிருந்தது. சட்டையெல்லாம் ஈரம், காலில் கொப்புளம். கூட வந்தவனிடம், "இந்த நாட்டுல மனுஷன் இருப்பானா? அடுத்த வருஷம் நான் கனடா போயிடறேன்" என்றான். அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, "அக்கா, மாங்கா மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா போடுங்க" என்றான்.

போட்டேன். நாட்டைத் திட்டுவதற்குத் தெம்பு வேண்டும் இல்லையா.

சுண்டல் தின்றுகொண்டே நாட்டைத் திட்டுவது எங்கள் வீட்டில் மட்டும்தான் உண்டு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் அப்பா கொத்தனார். முட்டி தேய்ந்து போனதும் சாரம் ஏற முடியாமல் வீட்டோடு உட்கார்ந்தார். அன்றிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்து நாட்டைக் கவனித்துக்கொண்டார். ஒவ்வொரு செய்திக்கும் ஒரே தீர்ப்புதான். "இந்த நாடு உருப்படாது." மழை பெய்தாலும் அதுதான், பெய்யாவிட்டாலும் அதுதான். கிரிக்கெட்டில் ஜெயித்த அன்றுகூட, "பந்து அடிச்சா பசி போயிடுமா?" என்று கேட்டார். அப்போதும் கையில் கிண்ணம் இருந்தது, கிண்ணத்தில் சுண்டல் இருந்தது.

அந்தச் சுண்டலைக் கொடுத்தவள் என் அக்கா பூங்கொடி. அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டாள். அக்காதான் எனக்குத் தலை சீவிவிட்டவள். கல்யாணமாகி ஆரணிக்குப் போய், அந்த வீடு பிடிக்காமல், ஏற்றிவிட்ட கண்டக்டருக்கு முகம் மறக்கும் முன்னாலேயே அதே பஸ்ஸில் திரும்பி வந்தவள். அதையும் அவள் நஷ்டக் கணக்கில் வைக்கவில்லை. "ஆரணியப் பாத்துட்டேன் இல்ல" என்பாள்.

எங்கள் வீடு அடி அண்ணாமலைப் பக்கம், கிரிவலப் பாதையை ஒட்டி. மாதம் பூராவும் ஆடும் நாயும் நடக்கிற ரோடு, பௌர்ணமி அன்று ஜனக்காடு ஆகிவிடும். மலையைச் சுற்றி வருகிறவர்களுக்கு எங்கள் வாசல் வரும்போது சரியாகப் பசி எடுக்கும். அக்கா அதைப் பார்த்துத்தான் வண்டி போட்டாள். நானும் எட்டாவதில் கணக்கோடு சண்டை போட்டுவிட்டு அவளோடு வந்து நின்றேன். எனக்கு மாங்காய் அரியும் வேலை. அரிந்ததில் பாதி வண்டிக்கு, பாதி எனக்கு.

அக்காவிடம் ஒரு பொருளாதாரம் இருந்தது. அதை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கேட்டதில்லை. அப்பா டிவியைப் பார்த்து, "ஆட்சி மாறிடுச்சாம். இவனுங்க வந்து இன்னா கிழிக்கப் போறானுங்க?" என்றால் அவள் திரும்பாமலே பதில் சொல்வாள்.

"புது ஆளு வந்தா ரோடு போடுவான். ரோடு போட்டா ஜனம் நடக்கும். நடந்தா பசிக்கும். பசிச்சா நம்மகிட்ட வரும். வேற இன்னா வேணும் உனக்கு?"

"ரோடு போடலைன்னா?"

"குழியில வுழுந்து வுழுந்து நடந்தா இன்னும் ஜாஸ்தியா பசிக்கும்."

இப்படிப்பட்ட ஆளிடம் யார் பேசி ஜெயிப்பது?

பெரிய நோட்டெல்லாம் செல்லாது என்று சொன்னார்களே, அதற்கு அடுத்த பௌர்ணமி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நிலா அன்று என்றைக்கும் இல்லாத பெரிசு. வந்தவர்கள் கையில் எல்லாம் செல்லாத நோட்டு. சில்லறை வைத்திருந்தவர்கள் அதைத் தங்கம் மாதிரி மூடி வைத்திருந்தார்கள். அக்கா சிறிது நேரம் பார்த்தாள். பிறகு, "இன்னா இருக்குதோ அதக் குடுத்துட்டு சாப்புடுங்க" என்று குரல் கொடுத்துவிட்டாள். விடிந்ததும் நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவை: சீப்பு, டார்ச் லைட், குழந்தைத் தொப்பி, ஒற்றைக் கொலுசு, ஆந்திராக்காரர் ஒருவர் கொடுத்த கோங்குரா ஊறுகாய் பாட்டில்.

அப்பா அவற்றைப் பார்த்து, "அரிசி குடுத்துட்டு உப்பு வாங்குன காலத்துக்கு நாட்ட இட்டுக்கினு போயிட்டானுங்க" என்றார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார். மூன்றாவது தடவை சோறு போட்டுக்கொண்டபோது அக்கா கேட்டாள்: "ஊறுகா எப்படிப்பா கீது?"

"காரம் கம்மி" என்றார்.

பாட்டிலில் பாதி போயிருந்தது.

பிளாஸ்டிக் கப்புக்குத் தடை வந்தபோதும் இதே கதைதான். அப்பா, "இனிமே கையில வாங்கிக்கினு நக்கச் சொல்லு" என்றார். அக்கா தேக்கு இலையைச் சுருட்டிப் பொட்டலம் ஆக்கினாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இலை வாசனை எங்கள் தெரு மாட்டுக்குப் பிடித்துப்போய்விட்டது. பொட்டலம் வாங்கிய ஒரு குடும்பத்தின் பின்னாலேயே அது நடந்தது. அவர்கள் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. அந்தக் குடும்பத்துப் பெரியம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோமாதாவே கூட வருகிறாள் என்று மாட்டின் நெற்றியில் குங்குமம் வைத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். மாடு பொறுமையாக எல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசியில் அந்த அம்மா கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கித் தின்றது. அடுத்த மாதம் அவர்கள் மாட்டைத் தேடிக்கொண்டு மறுபடி வந்தார்கள். "பாத்தியா? தடை போட்டதுல வாடிக்கை வந்திருக்குது" என்றாள் அக்கா.

இப்போது கடலை விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தெரிந்துகொள்ளாமல் மற்றது புரியாது. கொண்டைக்கடலையை முந்தின நாள் சாயங்காலமே ஊறப்போட வேண்டும். ஊறிய பிறகு மனசு மாற முடியாது. காய்ந்த கடலை மூட்டையில் கிடக்கும். ஊறிய கடலை வேகும், இல்லையென்றால் நாறும். அதனால் நாளைக்கு ஜனம் வருமா என்று இன்றைக்கே முடிவு பண்ண வேண்டும். நாட்டில் வேறு யாருக்கும் இந்தக் கஷ்டம் இருப்பதாகத் தெரியவில்லை.

கொரோனா வந்தது. கிரிவலத்துக்குத் தடை. அந்த மாதம் மட்டும்தான் என்று நினைத்தோம். ஆனால் ஒவ்வொரு மாதமும் பௌர்ணமி நெருங்கும்போது ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து, இந்த முறையும் யாரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சில மாதம் அந்த ஆட்டோ வருவதற்குள் அக்கா கடலையை ஊறப்போட்டுவிடுவாள்.

அப்பா ஒருநாள் தீர்த்துச் சொல்லிவிட்டார். அண்டாவையும் அடுப்பையும் விற்றுவிடலாம். பழைய பாத்திரக்காரரிடம் பேசியாகிவிட்டது. என்னைச் செய்யாறு பக்கம் ஷூ கம்பெனிக்கு அனுப்பலாம், வேன் தெருமுனைக்கே வருகிறது. நாள் பூராவும் ஒரே இடத்தில் நின்று செருப்புக்குப் பசை தடவ என்னால் ஆகாது. பேசாமல் இருக்கச் சொன்னால் அதுவும் ஆகாது.

அக்கா அவரிடம் பேரம் பேசினாள்.

"நான் என்னிக்கு ஊறப்போடலையோ அன்னிக்கு வித்துக்கோ. அது வரிக்கும் அண்டாவத் தொடக்கூடாது."

"நீ ஊறப்போட்டுக்கினே இருந்தா?"

"அப்ப நாடு தொறந்துடும்."

அதன்பிறகு ஆட்டோ வந்து தடை என்று சொல்லிவிட்டுப் போனாலும் அவள் ஊறப்போட்டாள். ஊரடங்குக்கு முன்னால் வாங்கிய மூட்டை வீட்டில் இருந்தது. தடை நாளில் அவித்த சுண்டலை என்ன செய்வது? தெருவே தின்றது. பக்கத்து வீட்டு ஜரீனா அக்கா கிண்ணத்தோடு வருவாள். அவள் வீட்டுக்காரர் பௌர்ணமிக்கு வளையல் கடை போடுகிறவர், அவருக்கும் வேலை இல்லை. வெறும் கிண்ணத்தோடு வரக்கூடாது என்று அதில் எங்களுக்கு வளையல் போட்டுக் கொண்டுவருவாள். எனக்குக் கை நிறைய வளையல், போய்வர ஒரு இடமும் கிடையாது. மிச்சம் மறுநாள் குழம்பு, அதற்கு மறுநாள் வடை. தெரு பூராவும் கடலை. அந்த நாட்களில் எங்கள் தெருவில் யாரும் யார் பக்கத்திலும் நிற்கவில்லை. அரசாங்கம் சொன்ன இடைவெளியை ஊரிலேயே ஒழுங்காகக் கடைப்பிடித்தது நாங்கள்தான். காரணம் கிருமி இல்லை.

சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து தின்போம். கீழே ரோட்டில் ஒரு ஆள் இல்லை. ஒருமுறை மயில் ஒன்று நடுரோட்டில் நடந்து போனது.

"பாரு, கிரிவலம் வருது. கூப்பிட்டு வியாபாரம் பண்ணு" என்றார் அப்பா.

"இன்னிக்கு மயில் வருது, நாளைக்கு மனுஷன் வருவான்" என்றாள் அக்கா.

இரண்டாவது அலையில் அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்றாள், மூச்சு வாங்குகிறது என்றாள், ஆம்புலன்ஸ் வந்தது. ஏறும்போது என்னிடம், "மூட்டையில வண்டு வுழும். வேப்பிலை போட்டு வை" என்றாள். நான் சரி என்றேன். அவ்வளவுதான் பேசினோம். வேறு ஏதாவது பேசியிருக்கலாம். வேப்பிலைதான் பேசினோம். கடைசியில் ஆஸ்பத்திரியில் முகத்தைக்கூடச் சரியாகக் காட்டவில்லை. அதைப் பற்றி இதற்குமேல் எனக்கு எழுத வராது.

தெருவில் யாரும் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன், பயம் அப்படி. ஜரீனா அக்கா மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "சாப்டியா?" என்று கேட்பாள்.

அடுத்த பௌர்ணமி வந்தது. முந்தின நாள் மத்தியானமே ஆட்டோ வந்து தடை என்று சொல்லிவிட்டுப் போனது. நான் பாயை விட்டு எழவில்லை. ஊறப்போடாவிட்டால் அண்டா போய்விடும் என்று தெரியும். அவள் கை பட்டதில் மிச்சம் இருந்தது அந்த அண்டாதான். இருந்தாலும் என் கை கால் வரவில்லை. போகட்டும், செய்யாறு வேனில் ஏறிக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

பொழுது சாயும்போது அடுப்படியில் கடலை அளக்கிற படி உரசும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அப்பா தேய்ந்த முட்டியை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, மூட்டையிலிருந்து கடலையை அள்ளி அண்டாவில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா பண்றே?"

"பாத்தா தெரியல? ஊறப்போடறேன்."

"தடைன்னு சொல்லிட்டுப் போனாங்களே. காதுல வுழலையா?"

"வுழுந்துச்சு. நான் இன்னா செவுடா?"

"அப்புறம் எதுக்கு?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இந்த நாடு உருப்படாது. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அது வேற, கடலை வேற. தண்ணி எடு."

ஊறினால் கடலை இரண்டு மடங்காகும் என்று அந்த மனுஷனுக்கு யாரும் சொல்லவில்லை. அண்டா நிறையக் கடலையைக் கொட்டி, மேலே தட்டைப் போட்டு மூடி, அதன்மேல் அம்மிக் குழவியையும் வைத்துவிட்டார். காலையில் எழுந்து பார்த்தால் தட்டு ஒரு பக்கம், குழவி ஒரு பக்கம், அடுப்படி பூராவும் கடலை உருண்டு கிடந்தது. பூனை ஒரு மூலையில் ஒதுங்கி நின்று எங்களைப் பார்த்தது. அவ்வளவு கடலையை அக்கா நல்ல காலத்தில்கூட அவித்ததில்லை. ஒரு ஆள் வராத ரோட்டுக்கு நாங்கள் அவித்தோம். உப்பை அப்பா போட்டார். நானும் போட்டேன். போட்டது ஒருவருக்கொருவர் தெரியாது.

தாளித்த வாசனை தெருவுக்குப் போயிருக்க வேண்டும். முதலில் ஜரீனா அக்கா கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கவில்லை, உள்ளே வந்தாள். பின்னாலேயே எதிர் வீட்டிலிருந்து, கோடி வீட்டிலிருந்து. துக்கம் கேட்க வராதவர்கள் எல்லாம் அன்று சுண்டல் கேட்க வந்தார்கள். ஒருவரும் உப்பு ஜாஸ்தி என்று சொல்லவில்லை. எல்லாரும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

பாத்திரக்காரர் அதன்பிறகு வந்தபோது அப்பா படுத்துக்கொண்டே, "அண்டா உபயோகத்துல கீது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நானும் செய்யாறு வேனில் ஏறவில்லை. ஷூ கம்பெனி தப்பித்தது.

பிறகு ஒருநாள் தடை போனது. ஜனம் வந்தது, பழையபடி இல்லை, பழையதைவிட ஜாஸ்தி. அக்கா சொன்னது சொன்னபடியே நடந்தது. ரோட்டை அகலமாக்கினார்கள். விளக்கு போட்டார்கள், அந்த வெளிச்சத்தில் நிலா எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அப்பா இப்போது செய்தி வந்தால் சத்தத்தைக் கம்மி பண்ணிவிட்டுச் சும்மா பார்க்கிறார். எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் நாட்டைத் திட்டி என்ன சுகம்?

பௌர்ணமி அன்று மொட்டை மாடிக்கு ஏற யாருக்கும் நேரமில்லை. ஜரீனா அக்கா வளையல் கடையில் இருக்கிறாள், நான் வண்டியில். தெருவில் ஒருவரும் கிண்ணம் எடுத்து வருவதில்லை, அனுப்ப என்னிடம் சுண்டலும் இல்லை. போன மாதம் எப்படியாவது வீட்டுக்கு ஒரு கை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று அண்டாவின் அடியில் ஒதுக்கி வைத்தேன். கடைசியாக ஒரு அம்மா அழுகிற குழந்தையோடு வந்து நின்றாள். அதையும் வழித்துப் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து அண்டாவைக் கவிழ்த்துவிட்டு, அப்பாவும் நானும் பழைய சோறு சாப்பிட்டோம்.