பாக்கியக்கா மூன்று தடவை கேட்டார்

இந்த வருஷம் அமிர்தகழித் திருவிழாவுக்குப் போனபோது தங்கையின் மகள் ஒரு கிளாஸ் சர்பத் வாங்கி நீட்டினாள். செக்கச்செவேலென்று, ஐஸ் மிதந்துகொண்டு. நல்ல வெயில், எனக்குத் தொண்டையும் வறண்டுதான் கிடந்தது. ஆனால் ஒரு மிடறுக்கு மேல் இறங்கவில்லை. "குடிங்க பெரியம்மா, ஐஸ் கரையுது" என்றாள். அவளிடமே கொடுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் புற்றுநோய் வாட்டில் வேலை செய்தவர்களுக்கு அந்தச் சிவப்பு தெரியும். நரம்பில் ஏற்றுகிற மருந்தொன்று அதே நிறம். நோயாளிகளுக்கு அது வெறும் 'சிவப்பு மருந்து'. போத்தலைக் கண்டாலே சிலருக்கு ஓங்காளிக்கும். இப்போது அதைக் கலப்பதற்குத் தனி அறையும் கண்ணாடிப் பெட்டியும் இருக்கின்றன. நான் தாதியாகச் சேர்ந்த புதிதில் யன்னலோரம் ஒரு மேசை, ஒரு முகமூடி, இரண்டு சோடி கையுறை. வாவிக் காற்று பலமாக அடித்தால் யன்னலைச் சாத்துவோம். அவ்வளவுதான் எங்கள் பாதுகாப்பு.

கொழும்பில் பயிற்சி முடித்து வந்த பெருமை வேறு எனக்கு. மருந்துப் பெயர்களைக் கடகடவென்று சொல்வேன். அரை டொக்டர் என்ற நினைப்பு. அந்த நினைப்பை வளர்த்துவிட்டதில், வாட்டில் நோயாளியாக இருந்த பாக்கியக்காவுக்கும் பங்குண்டு. அவருடைய கையில் நரம்பு பிடிப்பது லேசில்லை. நான் ஒரே குத்தில் பிடித்தேன். "மிஸி, உங்கட கை குத்தினா நுளம்பு கடிச்ச மாதிரித்தான்" என்றார். ஒரு மாதம் தரையில் கால் படாமல் திரிந்தேன்.

பாக்கியக்கா ஆரையம்பதி. கணவர் தங்கராசா வாவியில் வலை போடுகிறவர். ஒரே மகள் வதனி, குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. மார்பில் வந்த கட்டியை இரண்டு வருஷம் யாரிடமும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார். எங்களிடம் வரும்போது அது ஈரலுக்கும் போய்விட்டது. புற்றுநோய் என்பதையே டொக்டர் தங்கராசாவிடம் மட்டும்தான் சொன்னார். அவர் என்னை வாட்டுக்கு வெளியே மறித்து, "மிஸி, அவக்கிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. கேட்டா உடைஞ்சிருவா" என்றார். எல்லாக் குடும்பமும் அப்படித்தான் கேட்கும், நாங்களும் அப்படியே செய்வோம். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை.

முதல் தடவை, ஊசி ஏற்றும்போது போகிற போக்கில், நோயின் பேரைச் சொல்லாமல் கேட்டார்.

"இது அந்த வருத்தமா மிஸி?"

"இல்லக்கா, கட்டிதான். மருந்துக்குக் கரைஞ்சிரும்."

இரண்டாம் தடவை, தலைமயிர் கொட்டியபோது. உதிர்ந்ததையெல்லாம் ஒரு பத்திரிகைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். "கட்டிக்கு மயிர் கொட்டுமா?" என்றார். "மருந்து கொஞ்சம் சூடு, அதுதான்" என்றேன். எழுதவே கூச்சமாயிருக்கிறது.

மூன்றாம் தடவை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "மகள் போன் எடுத்தவள். வரட்டாம்மா எண்டு கேக்கிறாள். அக்ரிமெண்ட் முடிய இன்னும் எட்டு மாசம் இரிக்கி. நான் என்ன சொல்ல?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. தலைமாட்டில் நின்ற தங்கராசா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சிட்டே வரட்டும் அக்கா. வந்தா நீங்களே சமைச்சிக் குடுக்கலாம்."

பாக்கியக்காவின் முகம் தெளிந்தது. கையை விட்டார். அந்த முகத்தை இத்தனை வருஷத்தில் என்னால் மறக்க முடியவில்லை.

அதிலிருந்து ஏழாவது வாரம், ஒரு மத்தியானம், அவர் போய்விட்டார். செத்தவீட்டுக்குக்கூட வதனியைக் குவைத் வீட்டார் விடவில்லை. அக்ரிமெண்ட் முடிந்து வந்து, ஒருநாள் வாட்டுக்குத் தேடி வந்தாள். கையில் இரண்டு புது நைட்டிகள். அம்மாவுக்கு வாங்கியதாம், இங்கே யாருக்காவது கொடுக்கச் சொன்னாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"அம்மா கேட்டவவா மிஸி, தனக்கு என்ன எண்டு?"

"கேட்டவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன். "அப்பாதான்..." என்று தொடங்கி, பாதியில் விட்டேன். மணிக்கட்டைப் பிடித்துக் கேட்டது அவளுடைய அப்பாவிடம் இல்லையே. வதனி நைட்டிகளை விரித்து, திரும்ப மடித்தாள்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பன்" என்றாள். பிறகு போய்விட்டாள்.

பல வருஷம் கழித்து அந்த வாட்டுக்கே பொறுப்புச் சிஸ்டரானேன். முதல் நாளே, நோயாளியோடு தனியாக இருந்து பேச இரண்டு கதிரையும் ஒரு திரையும் கேட்டேன். எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று முதலில் நோயாளியிடம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். கேட்டால், டொக்டரையும் இருத்தி, உள்ளதைச் சொல்ல வேண்டும். லேசில் நடக்கவில்லை. "சனத்தைப் பயப்படுத்துறீங்க சிஸ்டர்" என்று ஒரு டொக்டர் கோபித்தார். களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒருவர், தன் மனைவிக்கு நான் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். அந்த மனைவியும் பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசவேயில்லை. எல்லோருக்கும் சரியாகத்தான் செய்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடச் சொல்லி, அவர்கள் வந்து கட்டிலடியில் இருந்ததையும் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு வதனிதான் ஞாபகம்.

இப்போது தலைமைத்துவம் பற்றிப் பேச என்னைப் பயிற்சி வகுப்புகளுக்கு அழைக்கிறார்கள். படிவங்கள், கடமை நேரம், மருந்துக் கணக்கு என்று பேசிவிட்டு வருகிறேன். பாக்கியக்காவைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை.

தங்கராசாவும் இப்போது இல்லை. வதனி திரும்பக் குவைத்துக்குப் போனதாகக் கேள்வி. அன்று வாட்டில் அவள் எழுதித் தந்த போன் இலக்கத்தில் யாரும் எடுப்பதில்லை. பழைய வாட்டை இடித்து, மோட்டார்சைக்கிள் நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள். பாக்கியக்காவின் கட்டில் கிடந்த இடத்தை நான் ஒரு குத்துமதிப்பில் வைத்திருக்கிறேன். காலையில் வேலைக்குக் கையெழுத்துப் போட முன்னர் அந்தப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வருவேன். முழங்கால் நோவுக்கு நடக்கிறேன் என்று இளம் தாதிமார் நினைக்கிறார்கள். "நல்லம் சிஸ்டர், நடங்க" என்கிறார்கள். நானும் தலையாட்டிவிட்டு நடக்கிறேன்.