விளக்கெரியும்போது குழாயைத் தொட்டவர்

காசிமேட்டில் ஒரு ஐஸ் கிடங்கில் கம்பி இழுத்துக்கொண்டிருந்தேன். சேவியரின் தம்பி சைக்கிளில் வந்து நின்றான். "அண்ணன் பூட்டாருப்பா. நெஞ்சு வலிக்குதுன்னாரு, அவ்ளோதான்." ஏணியிலிருந்து இறங்கியவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மின்வேலை செய்கிற உங்களில் சேவியரோடு சண்டை போடாதவர் யார்? கூடவே வேலை செய்த நானும் என் பங்குக்குப் போட்டிருக்கிறேன். கரண்டு திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி என்று வந்துவிட்டால் மனிதர் இறங்கி வரவே மாட்டார். அதன் காரணம் பலருக்குத் தெரியாது.

உலக யுத்தம் முடிந்த சமயம். செம்புக் கம்பி குதிரைக்கொம்பு. திருவொற்றியூர் எண்ணெய் மில் ஒன்றில் மோட்டாருக்குக் கரண்டு கொண்டுவரும் மூன்று பேஸ் கம்பிகள் மட்டும் வந்திருந்தன. மோட்டாருக்கு அது போதும். பிறகு முதலாளி அண்ணாச்சி கிடங்குக்கு விளக்கும் போடச் சொன்னார். நாலாவதாக நியூட்ரல் கம்பியும் வேண்டும் என்றார் சேவியர்.

"தண்ணிக் குழாய் இரும்புதானவே? வெளக்குக் கம்பியோட ஒரு முனைய அதுல கட்டிப்போடும். ஊருக்குள்ள அப்படித்தான நடக்கு" என்றார் அண்ணாச்சி.

"மோட்டாருல மூணு பேஸும் ஒண்ணுக்கொண்ணு கை குட்த்துக்கும், அண்ணாச்சி. வெளக்குக்கு கரண்டு திரும்பிப் போவ தனி வழி வோணும். குழாய்ல ஜனங்க தண்ணி புடிக்குது." பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

அண்ணாச்சி வேறு ஆளை வைத்து விளக்கை எரியவிட்டார். கொஞ்ச காலம் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் பழுது பார்க்க, குழாயின் மண்ணுக்குள் போகும் துண்டைக் கழற்றினார்கள். விளக்குகள் அணைந்தன. கரண்டு போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அது மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் குழாயிலேயே நின்றிருந்தது. மூட்டை தைக்கும் முனியம்மா, ஈரக் கையோடு குடத்தை எடுக்கக் குனிந்தவள், குழாயைப் பிடித்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

அவள் வீட்டுக்குப் போய்விட்டு வெளியே வந்த சேவியர் என்னிடம் சொன்னார்: "முடியாதுன்னு சொல்லிட்டு வந்து நான் நல்லவனா பூட்டேன். அந்தப் பொம்பளகிட்ட ஒரு வார்த்த சொன்னனா?"

உன் தப்பில்லை என்றேன். நான் சொன்னது சரியா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அதன்பிறகு எந்த வேலை முடிந்தாலும் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, கூலியாட்கள் முன்னால் குழாயைத் திறந்து முகம் கழுவுவார். "இன்னா சேவியரு, ஞானஸ்நானம் ஆச்சா?" என்று கேலி செய்வோம். "ஆச்சு. இப்ப நீங்க புடிங்க" என்பார். வேலையை மறுத்த இடங்களில் வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களிடமெல்லாம் குழாயைத் தொடாதே என்பார். அதற்காக ஒருமுறை அடியும் வாங்கினார்.

சாவு வீட்டில் அவரைக் குளிப்பாட்ட, பெண்கள் குடங்களோடு குழாயடிக்கு வந்தார்கள். பந்தலில் பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அந்த விளக்குக் கம்பி எங்கே போய் முடிகிறது என்று கண்ணால் தேடினேன். அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த சொத்து அந்தப் பயம்தான். அதை நான் விடமாட்டேன்.

"கொஞ்சம் நில்லுங்கம்மா" என்று முன்னால் போய்க் குழாயைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

"இப்ப புடிங்க."