ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குடியிருந்த நண்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் கணவரும் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்கு அருகில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், வைணவர். வீடு கொடுக்கும்போது அவர் போட்ட ஒரே நிபந்தனை, மாடியிலிருந்து மீன், கறி வாசனை வரக்கூடாது என்பது. ஞாயிறு பூசை முடிந்ததும் பாலக்கரையில் என் அக்கா வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டுதான் திரும்புவோம்.

அந்த வீட்டுக்குத்தான் என் கணவர் வேளாங்கண்ணியிலிருந்து உயிருள்ள நண்டைக் கொண்டுவந்தார். காலிச் சங்குக்குள் புகுந்துகொண்டு, அதை முதுகில் இழுத்துக்கொண்டு திரியும் சின்ன நண்டு. கண்ணாடித் தொட்டியில் மணலைப் பரப்பி, கிண்ணத்தில் உப்புத் தண்ணீர் வைத்து வளர்த்தார். கார்த்திகை வரை தேங்காய்ச் சில்லைக் கொறித்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தது. மார்கழி பிறந்ததும் சங்குக்குள் சுருண்டுகொண்டு சாப்பாட்டை நிறுத்திவிட்டது.

கணவர் கல்லூரியில் தனக்கு விலங்கியல் நடத்திய பேராசிரியரைப் பார்த்துவிட்டு வந்தார். "அதுக்குக் குளிருதாம். கதகதப்பா வெச்சுக்கணுமாம்."

"திருச்சியிலயா குளிருது?"

"ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நின்னு கேக்கற."

முதலில் தொட்டிக்குள் நூறு வாட் பல்பைத் தொங்கவிட்டார். விடிந்து பார்த்தால் மணல் கடலை வறுக்கிற மணல் மாதிரி இருந்தது. ஈரமும் வேண்டும் என்று பேராசிரியர் சொன்னது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. அடுத்து, என் வயிற்றுவலிக்கு வாங்கிய வெந்நீர்ப் பையைத் தொட்டிக்கு அடியில் வைத்தார். ராத்திரி முழுக்க அது ஆற ஆற, விளக்கைப் போட்டு எழுந்து போய்த் தண்ணீர் சுட வைத்தார்.

"எனக்கு வலிச்சப்ப ஒரு தடவையாவது சுட வெச்சுக் குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையே வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். "ராப்பூரா லைட் எரியறதே, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுக்கொண்டே தொட்டியைப் பார்த்துவிட்டார்.

"இது சமைக்கறதுக்கா?"

"ஐயோ, இல்லங்க சார். வளர்க்கறோம்."

அவருக்கு மூச்சு வந்தது. விவரம் கேட்டார். கேட்டதும் அவருக்குள் இருந்த கணக்கு வாத்தியார் விழித்துக்கொண்டார். "பல்பு ஈரத்தை உறிஞ்சிடறது. பை ஆறிப்போறது. மிதமா, நாள்பூரா சூடு வரணும், அவ்வளவுதானே? எங்காத்து ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி கையை வெச்சுப் பாருங்கோ."

கீழே அவர்கள் ஹாலுக்குப் போய் வைத்துப் பார்த்தோம். பின்பக்கக் கம்பிகள் இதமாகச் சுட்டன.

"நண்டா? நம்மாத்துலயா?" என்றார் மாமி.

"சங்குன்னு நெனச்சுக்கோ," என்றார் அவர்.

மாமி யோசித்தார். "மூடி போட்டிருக்கணும். ஹாலைத் தாண்டி வரப்படாது."

ஈரம் போகாதபடி மேலே கண்ணாடி மூடி போட்டு நண்டைக் குடியேற்றினோம். கணவர் காலையும் மாலையும் கீழே போய்ப் பார்த்துவிட்டு வருவார். சில நாளில் மாமிக்கே மனசு கேட்கவில்லை. மார்கழிக் கடைசியில் வரும் கூடாரவல்லியன்று, பெருமாளுக்குப் படைத்த அக்காரவடிசலில் ஒரு துளியை உள்ளே வைத்துவிட்டார். நெய் வழியும் அந்தத் துளியை, அவர் உள்ளே போன நேரம் பார்த்துக் கணவர் எடுத்துவிட்டார்.

பொங்கல் கழிந்து ஒரு காலை, மாமி மாடிப்படி அடியில் நின்று கூப்பிட்டார். "ரெண்டு பேரும் கொஞ்சம் கீழ வாங்கோ."

சங்குக்கு வெளியே, மணல்மேல் நண்டு கிடந்தது. கால், கொடுக்கு எல்லாம் வெளிறி, அசைவில்லாமல். மாமி ஸ்நானம் பண்ணப் போய்விட்டார். கணவர் சுவர் காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் நந்தியாவட்டைச் செடியடியில் புதைக்க மண்வெட்டி எடுத்து வந்தார். கணவர் குனிந்து நண்டை எடுத்தார்; பூண்டுத் தோல் போலக் கனமே இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை. பக்கத்தில் சாய்ந்து கிடந்த சங்கிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு புதுக் கொடுக்கு மெல்ல எட்டிப் பார்த்தது.

"ஸ்நானம் வேண்டாம்னு சொல்லுங்கோ," என்றார் வீட்டுக்காரர் என்னிடம். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தது.

தோல் உரிக்கும் காலத்தில் நண்டு அப்படித்தான் சாப்பிடாமல் ஒடுங்கிக் கிடக்கும், குளிர்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்றார் பேராசிரியர், இரண்டாவது முறை கேட்டபோது. அதை நாங்கள் கீழே சொல்லவில்லை. தன் ஃபிரிட்ஜ் ஓர் உயிரைக் காப்பாற்றிய கதையை அதற்குள் வீட்டுக்காரர் தெரு முழுக்கச் சொல்லியிருந்தார்.

மறு வருஷம் கணவருக்கு மாற்றலானது. சாமான் ஏற்றும் நாளில் தொட்டியை எடுக்கக் கீழே போனோம்.

"போற ஊர்ல ஃபிரிட்ஜ் இருக்கா?" என்று கேட்டார் மாமி.

"இல்லங்க மாமி."

"அப்ப இங்கயே இருக்கட்டும்," என்று சொல்லி, நண்டுக்குத் தேங்காய் கீற உள்ளே போனார்.