பாராட்டினால் நின்றுபோன கைகள்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். எம்.ஃபில். பட்டம் கைநழுவப் பார்த்ததும் அதனால்தான், கடைசியில் கிடைத்ததும் அதனால்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் உளவியல் படிக்கிறேன் என்றால், "பைத்தியம் பாக்குற படிப்பா?" என்பார்கள். அப்பாவும் அந்தக் கட்சிதான். அந்த வருஷம் பட்டம் வாங்காவிட்டால் படிப்பு போதும், கல்யாணம்தான் என்று கெடு வைத்துவிட்டார்.

பாராட்டினால் வேலையில் வேகம் கூடும் என்பது என் கருதுகோள். அதைச் சோதிக்க, வெங்காய மண்டியில் சின்ன வெங்காயத்துக்குக் காம்பு அறுக்கும் இருபது பெண்களைக் கல்லூரிக்கு அழைத்து வந்தேன். சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்தேன். ஒரே அறை, ஒரே எடை வெங்காயம், ஒரே மாதிரிக் கத்தி. ஒரு குழுவைப் பாராட்டுவேன், இன்னொன்றிடம் வாயே திறக்க மாட்டேன். ஆய்வகச் சோதனையின் பலமே அதுதான். மற்றதெல்லாம் சமம் என்பதால், வேகம் மாறினால் காரணம் பாராட்டுதான் என்று அடித்துச் சொல்லலாம்.

வேகம் மாறத்தான் செய்தது, தலைகீழாக! "அக்கா, இம்புட்டு வேகமான கைய நான் பாத்ததே இல்ல" என்றேன். அந்த அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன் தாயி கண்ணு வைக்குற? இந்தக் கைய நம்பித்தான் என் வீட்ல உல கொதிக்குது."

விரல்களை நெட்டி முறித்துக்கொண்டு, பிறகு வேண்டுமென்றே மெதுவாக அறுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே. பாராட்டு வாங்காத குழு எப்போதோ முடித்துவிட்டு டீ கேட்டது.

என் கைடு கணக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அட்டவணையில ரெண்டு குழுவோட தலைப்பையும் மாத்திப் போட்டுரும்மா. வெங்காயம் வந்து சாட்சி சொல்லவா போகுது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மாத்த மாட்டேன் சார்."

"அப்ப இந்த வருசம் பட்டத்த மறந்துரு."

வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாள் நேராக மண்டிக்கே போனேன். அங்கே மேஸ்திரி யாரையும் பாராட்டுவதில்லை, கிண்டல்தான். "ஏத்தா, கையில மோட்டார் மாட்டிருக்கியா?" என்பார். சிரித்துக்கொண்டே கைகள் பறக்கும். ஒரு வரிசையை மட்டும் கிண்டல் செய்யச் சொன்னேன். சோதனை கல்லூரியோடு முடிந்தது என்று நினைத்ததால் எல்லோரும் இயல்பாக இருந்தார்கள். களச் சோதனையின் பலம் அது. ஆனால் இரண்டாம் நாள் லாரி தாமதமாக வந்ததால் எல்லோருமே அவசரமாக அறுத்தார்கள். மூன்றாம் நாள் அடுத்த வரிசையும் கிண்டலைக் கேட்டுச் சேர்ந்து சிரித்தது. வேகம் கூடியது எதனால் என்று யாரைக் கேட்பது? சொல்லாமல் சோதித்ததும் உறுத்தியது. கடைசி நாளில் சொல்லிவிட்டேன். "எங்கள வச்சா பரிச்ச எழுதுன?" என்று ஒரு அக்கா என் முதுகில் செல்லமாக ஒரு போடு போட்டார்.

ஆய்வகத்தில் காரணம் தெளிவாக இருந்தது, ஆனால் என் பாராட்டு அவர்கள் பழக்கத்துக்கு ஒட்டவில்லை. மண்டியில் எல்லாம் நிஜம், காரணம்தான் குழம்பிப்போனது. ஒன்றையும் மறைக்காமல் எழுதினேன். தேர்வில் நீயே மாட்டிக்கொள் என்று கைடு முகத்தைத் திருப்பிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். கைடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கருதுகோள் தோத்துப்போச்சேம்மா?" என்றார் பேராசிரியர்.

"ஆமா சார், தோத்துருச்சு. தோத்தத தோத்ததாவே எழுதிருக்கேன்."

குரல் கணீரென்று வந்தது. அவர் செத்த நேரம் பக்கங்களைப் புரட்டினார். பேனாவை எடுத்தார். 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"இத்தன வருசத்துல தோத்த சோதனை ஒண்ணுகூட என் கைக்கு வந்ததில்லம்மா" என்றார். பிறகு என் கைடு பக்கம் திரும்பினார். "மத்தவங்க எல்லாரும் எப்படி சார் ஜெயிச்சாங்க?"

கைடு தண்ணீர் கிளாஸை எடுத்தார். நான் தலையைக் குனியவே இல்லை.