அண்ணனின் வண்டிக்குப் பிரேக் இருந்தது

அண்ணன் இல்லாத முதல் ஆண்டு இன்றோடு முடிகிறது. அவருக்குப் படைத்துவிட்டு, வந்திருக்கும் உறவுகள், நண்பர்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி அண்ணி என்னிடம்தான் கேட்டார். "கோவப்படாம எழுதும்மா" என்றார். முயன்று பார்த்தேன், முடியவில்லை.

மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாக அண்ணன் பிறந்தார். மலையில் வழுக்கி விழுந்து அப்பா படுக்கையானபோது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கண்டிக்கு மரக்கறி ஏற்றும் லொறியில் கிளீனராகச் சேர்ந்தார். மூட்டை தூக்கித் தூக்கி அவர் தோள் காய்த்துப் போயிருந்தது. என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அந்த உழைப்புத்தான். பிறகு டிரைவரானார். கல்யாணத்துக்குப் பிறகு, பல கை மாறி வந்த ஒரு டீசல் பிக்கப்பைச் சொந்தமாக வாங்கினார். பன்வில தோட்டங்களில் விளைந்த மரக்கறியைக் கண்டிச் சந்தைக்கு ஏற்றுவதுதான் அதன் வேலை. ஆனால் பிரசவ வலி எடுத்தவர், பாம்பு கடித்தவர், பெண் பார்க்கப் போனவர் என்று அதில் ஏறாதவர் எங்கள் பக்கத்தில் குறைவு.

அது பழைய வண்டி. நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய வண்டி வேறு, பார்க்காமல் விட்ட வண்டி வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவர்கள்தான் அதிகம் பேசினார்கள்.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மற்றவர்கள் உடனே பெற்றரியைத் திட்டிவிட்டுத் தள்ள ஆள் கூப்பிடுவார்கள். அண்ணன் போனட்டைத் திறந்து முதலில் பெற்றரியின் முனைகளைப் பார்ப்பார். வெள்ளையாகப் பூத்திருந்தால் வயரைக் கழற்றிச் சுடுநீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி, இறுக்கிப் பூட்டுவார். பல நாள் அதோடு வேலை முடிந்துவிடும். நடுவழியில் இருமி இருமி நின்றால், டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது என்பார். பில்டர் பக்கத்துச் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை கைப்பம்பை அமுக்குவார். ஏற்றத்தில் சூடேறினால் ஓரங்கட்டி நிறுத்துவார். ஆறும்வரை ரேடியேற்றர் மூடியைத் தொட யாரையும் விடமாட்டார். "என்னா அவசரம்? அதுதான் கொதிக்குது, நீங்களும் ஏன் கொதிக்கிறீங்க?" என்று ஏறியிருப்பவர்களைக் கேலி செய்துவிட்டு, பெல்ட்டையும் ஹோஸையும் தடவிப் பார்ப்பார்.

பிரேக் விஷயத்தில் மட்டும் விளையாட்டே கிடையாது. மிதித்தால் பெடல் கொஞ்சம் மெத்தென்று போனாலும் அன்று வண்டி வாசலை விட்டு இறங்காது. ஒவ்வொரு சில்லின் உட்புறத்திலும் ஒயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார். கசிந்தால் ரப்பரை மாற்றிவிட்டுக் குழாயில் இருக்கும் காற்றை எடுப்பார். அதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் சீட்டில் உட்காருவேன். அவர் போத்தலோடும் குழாயோடும் சில்லுக்குக் கீழே படுத்துக்கொள்வார். "மிதி... மிதி... இப்ப அப்புடியே புடிச்சிக்க." நான் அமுக்கிப் பிடிக்க, அவர் கீழே திறப்பார். குமிழும் ஒயிலுமாகச் சீறும், பெடல் தரையைத் தொடும். அவர் மறுபடி இறுக்கிவிட்டு "விடு" என்று சொல்லும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். ஒருமுறை அவசரப்பட்டு எடுத்துவிட்டேன். "மறுபடி மொதல்ல இருந்து" என்றார், நான்கு சில்லுக்கும். அவர் இறப்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் இருவரும் இதைச் செய்தோம். கடைசியில் பெடல் அசையாமல் உறுதியாக நின்றதை என் காலால் உணர்ந்தேன்.

அந்த வாரம்தான், கண்டியில் கிளினிக்குக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு பன்வில தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார். முன் சீட்டில் பக்கத்து லயத்து லெட்சுமி அக்கா. "நெஞ்ச என்னமோ பிசையுதுக்கா" என்று சொல்லிக்கொண்டே கியரைக் குறைத்தார். எஞ்சின் உறுமியது. இறக்கத்தில் எஞ்சின் அப்படி உறுமினால் பிரேக் போய்விட்டது என்றுதான் எங்கள் பக்கத்தில் நினைப்பார்கள். பின்னால் இருந்தவர்கள் "பிரேக் இல்ல!" என்று அலறினார்கள். அண்ணன் வண்டியை மேட்டுப் பக்கம் ஒடித்து, ரோட்டோரத் தண்ணீர்க் கானில் சில்லை இறக்கி, மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினார். எஞ்சினையும் நிறுத்தினார். அதன் பிறகுதான் ஸ்டியரிங்கில் சரிந்தார். ஏறியிருந்த ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்கும்போது அவர் உயிர் போயிருந்தது. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார்.

ஆனால் எங்கள் வீட்டு வாசலில், பெட்டியை எடுக்கும் முன்பே, ஓர் உறவினர் வாய் கூசாமல் பேசினார். "பிரேக் இல்லாத ஓட்ட வண்டிய ஓட்டி, ஊர்ப் பொம்பளைங்களயும் சேத்துல்ல கொல்லப் பாத்தாரு!" இவருடைய மனைவியைக் கொட்டும் மழையில் கண்டிக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையோடு திரும்பக் கொண்டுவந்ததும் அதே ஓட்டை வண்டிதான். அவர் பெயரை நான் எழுதவில்லை. இந்த மலர் அவர் கையிலும் இருக்கிறது.

லெட்சுமி அக்கா மட்டும் எழுந்து நின்றார். "உசுரு போற நேரத்துலயும் அந்த மனுசன் எங்கள மேட்டுப் பக்கந்தான் சாச்சாரு. பள்ளத்துப் பக்கம் விட்டிருந்தா இன்னைக்கு ஒங்களுக்கு எத்தன எழவு வீடு?" என்று கேட்டார். ஆனாலும் அந்தப் பொய் எங்களுக்கு முன்பே கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்களே அண்ணியிடம் "புருசன கொன்ன வண்டிய இரும்புக்குப் போட்டுரு" என்றார்கள். தாலி இழந்து உட்கார்ந்திருப்பவரிடம் பேசும் பேச்சா இது?

வண்டியைக் கானிலிருந்து இழுத்தெடுத்த கட்டுகஸ்தோட்டை கராஜ்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், சில்லு சில்லாகக் கழற்றிப் பார்த்தார். "தங்கச்சி, பிரேக்ல ஒரு பழுதும் இல்ல. அதே பிரேக்க நம்பித்தானே வத்தேகம எறக்கத்துல நானே ஓட்டிட்டு வந்தேன்" என்றார். இதை நான் போகிற இடமெல்லாம் சொன்னேன். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு, மறுநாள் பழைய கதையையே பேசினார்கள். அதனால்தான் அச்சில் போடுகிறேன். என் அண்ணன் யாரையும் ஆபத்தில் வைக்கவில்லை. தன் உயிர் போகும்போது மற்றவர்களைக் காப்பாற்றினார்.

அண்ணனை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடிய முகம் தெரியாத சகோதரருக்கும், உண்மையைச் சொன்ன லெட்சுமி அக்காவுக்கும், கராஜ் நானாவுக்கும், துக்க நாட்களில் எங்கள் அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொண்ட லயத்துச் சனங்களுக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன். மற்றவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அண்ணி பிக்கப்பை விற்கவில்லை. ஓட்டப் பழகி லைசன்ஸ் எடுத்துவிட்டார். இன்று சாப்பாடு முடிந்ததும் கண்டிப் பக்கம் போகிறவர்களை அவரே கொண்டுபோய் விடுவார். முன் சீட்டை லெட்சுமி அக்கா ஏற்கெனவே பிடித்துவிட்டார். பிரேக் பிடிக்குமா என்று இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் பஸ்ஸில் போகலாம்.