பெருவிரல் சுண்ணாம்பு

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவுப் பெண்களை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். முகத்தைப் பார்க்க வேண்டாம், காலைப் பார்த்தால் போதும். வெள்ளை விரிப்புப் போட்ட மேடையில் செருப்பில்லாமல் நிற்போம். பாதிப் பேருக்குக் கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு அப்பியிருக்கும். நீர்க்கடுப்புக்கு எங்கள் பக்கத்துக் கைவைத்தியம் அது. இப்போதும் வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு டப்பாவைப் பார்த்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது.

உடம்புச் சூடு என்று சொல்லிக்கொள்வோம். சூடாவது மண்ணாவது. நாங்கள் தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் கக்கூஸ் போக வேண்டும், கக்கூஸ் சாவி சூப்பர்வைசரின் இடுப்பில் தொங்கும். அவரை அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும், கடை ஒழுங்கு அப்படி. கூடப் பிறந்த அண்ணனிடம்கூட வாய்விட்டுச் சொல்லாத விஷயத்தை இந்த அண்ணனிடம், வாடிக்கையாளர்கள் காதில் விழ, சொல்லிக் கை நீட்ட வேண்டும். இப்போதுதானே போய் வந்தாய் என்பார். கடையில் வேலை செய்த ஆண்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பின்பக்கச் சந்தில் சுவரோரம் ஒதுங்கிவிட்டு வந்து, அதே கையால் பட்டுப்புடவையைப் பிரித்துக் காட்டுவார்கள். தொட்டுப் பார்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, வாங்கிக்கொண்டு போவார்கள் ஜனங்கள்.

இதில் எங்களுக்குள் கெட்டிக்காரத்தனம் வேறு. நாக்கு வறண்டால் புளிப்பு மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வோம். பொழுதுக்கும் ஒரு வாய் குடிக்காமல் தாக்குப் பிடித்தவளுக்கு மரியாதை. கோமுகி அணைத் தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிற கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ் ஏறி வருகிற நான், காலையில் வாய் கொப்பளித்துத் துப்புவதோடு சரி. என்ன பிழைப்பு அது, தூ.

அந்த வருஷம் ஆடித் தள்ளுபடிக்குக் கொஞ்சம் முன்னால் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊர். கடைக்குப் பின்னால் ஓர் அறையில் மற்றப் பெண்களோடு தங்கியிருந்தாள். வந்த புதிதில் பாட்டிலை அண்ணாந்து மடமடவென்று குடிப்பாள். மலையில் மறைவுக்கா பஞ்சம், அவளுக்கு அடக்கிப் பழக்கமில்லை. மூத்தவர்கள் அவளைத் தனியே கூப்பிட்டு மிட்டாய் வித்தையைச் சொல்லிக் கொடுத்தார்கள். சீக்கிரமே தேறிவிட்டாள் என்று பாராட்டவும் செய்தார்கள்.

அதே சமயத்தில்தான் ஸ்டூல்கள் வந்தன. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதாம். சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்களை வரிசையாகப் போட்டு, எங்களை உட்கார வைத்து, சிரிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். நாங்களும் ஈ என்று இளித்தோம். மறுநாள் ஸ்டூல்களைக் காணோம். எங்கே என்று கேட்டால், வரும் என்றார் அண்ணா.

ஆடி பிறந்தது. தள்ளுபடிக் கூட்டம். மத்தியானச் சாப்பாட்டை மாடிப்படியில் நின்றபடியே விழுங்கினோம். மற்ற நாளில் சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்கு ஓடிவிட்டு வருவோம். இப்போது வெளியே விடவில்லை. சாவியைக் கேட்டால், யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றே பதில் வந்தது. மலைப்பெண்ணுக்கு இடுப்பு வலியும் காய்ச்சலும். நாங்கள் என்ன செய்தோம்? இரண்டு பெருவிரலுக்கும் சுண்ணாம்பு வைத்துவிட்டோம். விரிப்பில் கறை படியப் போகிறது, பார்த்து நில்லுங்கள் என்றார் அண்ணா.

அன்று எலவனாசூர்கோட்டைப் பக்கமிருந்து ஒரு கல்யாணக் குடும்பம் வந்திருந்தது. அவள் புடவை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. நடுவில் சாவி கேட்டாள். இந்தப் பார்ட்டியை முடித்துவிட்டுப் போ என்றார். அவளும் தலையாட்டிவிட்டு அடுத்த புடவையைப் பிரித்தாள். அதற்கடுத்ததையும் பிரித்தாள். அப்புறம் அவள் காலடியில் வெள்ளை விரிப்பு நனைய ஆரம்பித்தது. கல்யாணக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார். இவள் அப்படியே மடங்கி அந்த ஈரத்திலேயே சரிந்தாள்.

அண்ணா ஓடி வந்தார். "மொதல்ல பொடவைய எடுங்க, பொடவைய எடுங்க" என்றார்.

நாங்களும் எடுத்தோம். அதை நினைத்தால்தான் எனக்கு எங்கள் எல்லோர் மேலும் அருவருப்பாக இருக்கிறது. புடவைகளை ஒதுக்கிய பிறகுதான் அவளைத் தூக்கினோம். அறைத்தோழி ஒருத்தியோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். புது விரிப்புப் போட்டு, ஊதுபத்தி கொளுத்தி, வியாபாரம் நடந்தது.

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டி முடித்ததும் அண்ணா எங்களைப் பார்த்துப் பேசினார். "வரும்போதே தண்ணி கம்மியா குடிச்சிட்டு வாங்க. கஸ்டமர் எதுர்ல இன்னா அசிங்கம் இது."

வாய் கொப்பளிக்கப் பையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தேன். பிறகு கையை நீட்டினேன். யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று ஆரம்பித்தார். சாவி அவர் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். கழற்றிக் கொடுத்தார்.

கக்கூஸ் கதவு பாதிதான் திறந்தது. உள்ளே தள்ளுபடிக்கு அச்சடித்து வந்த கைப்பைக் கட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். பீங்கானுக்கு மேல், ஒன்றின்மேல் ஒன்றாக, எங்களை உட்கார வைத்துப் போட்டோ எடுத்த சிவப்பு ஸ்டூல்கள். கை கழுவக்கூட இடமில்லை. பின்னாலேயே வந்து நின்றவர், தள்ளுபடி முடிகிற வரைக்கும்தான் என்று சமாதானம் சொன்னார். சாவியை அவர் காலடியில் போட்டுவிட்டு இறங்கினேன். அந்தக் கடைப் படியை அதற்கப்புறம் மிதிக்கவில்லை.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். மலைப்பெண்ணின் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கிருமி கிட்னிவரை போய்விட்டது, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் ஆளே தேறியிருக்க மாட்டாள் என்று டாக்டர் திட்டிவிட்டுப் போனாராம். அவள் கால் பெருவிரல்களில் சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது. நர்ஸம்மா ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்து, முழுசும் குடிக்கணும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். உதடெல்லாம் வெடித்துக் கிடந்தும் குடிக்கவில்லை. என்னைக் கிட்டே வரச் சொன்னாள்.

"அக்கா, இங்க சாவி யாருகிட்ட இருக்குது?"

இங்கே பூட்டே கிடையாது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. டிரிப்ஸ் பாட்டிலை நான் உயர்த்திப் பிடித்துக்கொள்ள, மெல்ல நடந்து போய் வார்டுக் கோடியிலிருந்த கக்கூஸ் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம்தான் குடித்தாள்.