கடலுக்கு எத்தனை ஷேடு

சாயப்பட்டறை சிவபிரகாஷுக்குக் கண் போய்விட்டது, கடைசியாக ஒரு தடவை கடலையும் மலையையும் பார்த்துவிடத்தான் குடும்பத்தோடு காரில் கிளம்பியிருக்கிறார் என்று வேலம்பாளையம் முழுக்கப் பேச்சு. டீக்கடையில் கேட்டால் ஒரு கண் என்றார்கள். எதிரே பேக்கரியில் இரண்டும் என்றார்கள். பஸ் ஸ்டாப்பில், காரை யார் ஓட்டுகிறார்கள் என்று ஒருவர் நியாயமாகக் கவலைப்பட்டார்.

விசாரித்ததில் கார் உண்மை. கடலும் மலையும் உண்மை. கண் விஷயம் சிவபிரகாஷுக்கே விளங்கவில்லை.

இருபத்திரண்டு வருடமாக அவருக்கு ஒரே வேலை. சாயம் ஏறி வந்த துணியில் ஒரு துண்டை வெட்டி, துணி வாங்குகிற பையர் அனுப்பிய துண்டோடு சேர்த்துப் பிடித்து, நிறம் ஒத்துப்போகிறதா என்று சொல்ல வேண்டும். அதற்கென்று விளக்குப்பெட்டி ஒன்று பட்டறையில் உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் அதை எரியவிட்டுக் காட்டுவார்கள். சிவபிரகாஷ் நம்பியது வடக்கு வாசல் வெளிச்சத்தை. வாசற்படியில் நின்று ஒரு தடவை பார்ப்பார், தலையாட்டுவார், லாரி கிளம்பும்.

அப்படிக் கிளம்பியதில் இரண்டு லாட் துணி, நிறம் சேரவில்லை என்று திரும்பி வந்துவிட்டன. அந்த நிறத்துக்குப் பையர் வைத்த பெயர் கடல் பச்சை. கண் டாக்டர் கண்ணில் குறையில்லை என்றார். முதலாளி அர்த்தநாரி தங்கமானவர், திட்டவில்லை.

"நாலு நாளைக்கு ஊட்டுல இருக்கறவங்களக் கூட்டிக்கிட்டு கடல், மலைன்னு பார்த்துட்டு வாங்க. திங்கக்கிழமை அடுத்த லாட் வருது. அதுவும் திரும்பிருச்சுன்னா நீங்க ஸ்டோர்ல உக்காந்துக்கலாமுங்க, கலர் பாக்கறதுக்கு மெஷின் வாங்கிப்போடறேன்" என்றார். ஸ்டோர் என்றால் நூல் மூட்டை எண்ணுவது.

சிவபிரகாஷின் மனைவி தரணி கல்யாணமான நாளிலிருந்து கேட்ட பயணம் இது. சாவக்காட்டில் கடல், அங்கிருந்து அதிரப்பள்ளி வழியாக வால்பாறை, ஆழியாறு இறங்கி வீடு. தரணி முறுக்கு எடுத்துவைத்தாள், கல்லூரிக்குப் போகும் மகள் அனுப்பிரியா சார்ஜர் எடுத்துவைத்தாள். சிவபிரகாஷ் சட்டைப் பையில் இரண்டு துணித்துண்டுகளை வைத்துக்கொண்டார்: பையருடையது ஒன்று, தான் பாஸ் பண்ணியது ஒன்று.

கடற்கரையில் எல்லோரும் அலையைப் பார்க்க, அவர் துண்டுகளைப் பிடித்துப் பார்த்தார். பட்டறையில் ஒன்றாக இருந்தவை இங்கே இரண்டு நிறம். பொடிப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். சரி, எதுதான் கடல் பச்சை என்று நிமிர்ந்தால், காலையில் நீலமாக இருந்த கடல் இப்போது பச்சை. சாயங்காலம் சாம்பல்.

"ஏனுங்க, கடலுக்கு எத்தனை லாட்டுங்க?" என்றாள் தரணி. "இதையும் திருப்பி அனுப்பிச்சுருங்க."

அவர் சிரிக்கவில்லை. அதிரப்பள்ளி அருவியிலும் அவர் துண்டைத்தான் பார்த்தார். போட்டோவில் மூன்று பேரும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்குத்தான் முகம் தெரிகிறது.

வால்பாறைக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் ஒரு டீக்கடை. கார் நின்ற இடம் சற்றுத் தள்ளி. கடைக்கார அம்மா, நனைய வேண்டாம் என்று தன் சிவப்புக் குடையை சிவபிரகாஷிடம் நீட்டி, காரில் உட்கார்ந்திருந்த மகளுக்கு டீயைக் கொண்டுபோகச் சொன்னார். போகிற வழியில் அவர் குடைக்காம்பைத் தோளில் அணைத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் துண்டுகளை எடுத்தார். இரண்டும் ஒரே நிறம்.

அவருக்குத் தலை சுற்றியது. கடலில் வேறு, மலையில் ஒன்று. கண் போகிறதா, வருகிறதா? போய்ப்போய் வருகிற கண் என்று ஒரு வியாதி உண்டா? மகள் டீ வாங்கக் காரிலிருந்து இறங்கிக் குடைக்குள் நுழைந்தாள்.

"அப்பா, என் வெள்ளை டீ‑ஷர்ட் ரோஸ் ஆயிருச்சு பாருங்க."

பார்த்தார். குடையைச் சாய்த்தார், வெள்ளை. நிமிர்த்தினார், ரோஸ். மகள் டீயைக் குடித்து முடிக்கும்வரை மழையில் சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக நின்றார். இந்த வைகாசியில், வாசலில் நிற்கிறவருக்கு வெயில் படக் கூடாதென்று வடக்கு வாசலுக்கு மேலே முதலாளி ஆசையாகப் போட்டுக்கொடுத்த நீல ஃபைபர் ஷீட் அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நின்ற இடத்தைச் சந்தேகப்படத் தோன்றாமல் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறார்.

டம்ளரைத் திருப்பிக் கொடுத்தது அனுப்பிரியா. ஆழியாறு மலைப்பாதையின் நாற்பது வளைவையும் சிவபிரகாஷ் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கினார்.

திங்கட்கிழமை துண்டை எடுத்துக்கொண்டு ஷீட்டைத் தாண்டி ரோட்டுக்கே போய் நின்றார். பாஸ் இல்லை, மறுபடி சாயம் போடச் சொன்னார். போட்டது திரும்பி வரவில்லை. ஷீட் சத்தமில்லாமல் பைக் ஸ்டாண்டுக்கு இடம் மாறியது. கடல்காற்று பட்டால் கண் தெளியும் என்று முதலாளி இப்போது செக்கிங் ஆட்களை லீவில் அனுப்ப யோசிக்கிறார். வேலம்பாளையம் டீக்கடையில் அது கண் ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது.

அன்றைக்குத் திரும்பும்போது ஆழியாறு தாண்டிய பிறகுதான் பின்சீட்டில் சொட்டிக்கொண்டிருந்த குடையைத் தரணி பார்த்தாள். அது இன்னும் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. அந்த அம்மாவின் பெயரை யாரும் கேட்கவில்லை.

"அந்தம்மா நனைஞ்சுக்கிட்டே கடை தொறக்கும்" என்பாள் தரணி, இங்கே வானம் மூடும்போதெல்லாம்.

அடுத்த லீவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்கிறார் சிவபிரகாஷ். லீவு எப்போது என்று கேட்டால், ஷிப்மென்ட் முடியட்டும் என்கிறார்.